ஒரு கண்ணும் இரண்டு பந்தும்



போன ஞாயிற்றுக்கிழமை நம் சொந்தத்தில் ஒரு புதுமனை புகுவிழா. பந்தி முடிந்ததும் பெரியவர்கள் எல்லோரும் வெளியே பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். போன தீபாவளிக்கு வெடி தெறித்து அவனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. பெயர் வேண்டாம், உறவுகளுக்குத் தெரியும். சோற்றை மறந்தாலும் கிரிக்கெட் மட்டையை மறக்காத பையன் அவன்.

பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னார்: "இனிமே மட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுருப்பா. ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு பந்து எங்க தெரியப்போகுது?" இன்னொருவர், "ஆமா, படிப்பைப் பாரு, அது போதும்" என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பையன் பந்தல் காலைச் சுரண்டிக்கொண்டே தலையைக் குனிந்து நின்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாம்பூலம் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவனுக்காகவும் எழுதுகிறேன், அங்கே இருந்த பெரியவர்களுக்காகவும் எழுதுகிறேன். எனக்காகவும் எழுத வேண்டியிருக்கிறது. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1975 ஜனவரி, பொங்கல் நேரம். எனக்குப் பதினான்கு வயது. சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் டெஸ்ட் ஆட்டம். எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீடு பெரியப்பா வீடு மட்டும்தான். ஆண்டி ராபர்ட்ஸ் ஒரே இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்துச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, விஸ்வநாத் தனியாக நின்று 97 ரன் எடுத்து அவுட் ஆகாமல் இருந்த ஆட்டம் அது. நாங்கள் எல்லோரும் விசுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பெரியப்பா மட்டும் கேப்டனைப் பற்றிப் பேசினார். "இந்த ஆளுக்கு ஒரு கண்ணுதாண்டா. பதிமூணு வருஷமா ஒரு கண்ணை வச்சுத்தான் ஆடுறாரு" என்றார். நாங்கள் நம்பவில்லை.

பெரியப்பா சும்மா சொல்லவில்லை. 1962இல் அவர் சென்னையில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவராக வேலை பார்த்தார். அந்த ஜனவரியில் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் அந்த மனிதர் சதம் அடித்ததை நேரில் பார்த்தவர். தொப்பியை வலது கண் மறைகிற மாதிரி இழுத்து விட்டுக்கொண்டு ஆடினார் என்பார். "ஏதோ ஸ்டைலுன்னு நெனச்சேன், அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது" என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார்.

அந்தக் கேப்டன்தான் மன்சூர் அலி கான் பட்டோடி. 'டைகர்' என்று கூப்பிடுவார்கள்.

பட்டோடி என்பது டெல்லிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய சமஸ்தானம். மன்சூர் 1941 ஜனவரி 5 அன்று போபாலில் பிறந்தார். அவருடைய தந்தை இஃப்திகார் அலி கானும் பெரிய ஆட்டக்காரர், இங்கிலாந்துக்கும் ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். 1932இல் சிட்னியில் இங்கிலாந்துக்காகத் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 1946இல் இந்திய அணிக்குக் கேப்டனாக இங்கிலாந்து போனார். 1952 ஜனவரி 5 அன்று டெல்லியில் போலோ ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்துபோனார். அன்று மகனுக்குப் பதினோராவது பிறந்தநாள். அதன்பின் அந்த வீட்டில் பிறந்தநாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மகன் இங்கிலாந்தில் வின்செஸ்டர் பள்ளியில் படித்தார். பதினாறு வயதிலேயே சசெக்ஸ் மாகாண அணிக்கு ஆடினார். 1959இல் பள்ளியின் ஒரு பருவ ரன் சாதனையை முறியடித்தார். அதுவரை அந்தச் சாதனையை வைத்திருந்தவர் டக்ளஸ் ஜார்டின். தந்தை பட்டோடி எந்தக் கேப்டனோடு ஒத்துப்போக முடியாமல் 1932-33 ஆஸ்திரேலியத் தொடரின் நடுவில் அணியில் இடம் இழந்தாரோ, அதே ஜார்டின்தான். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே கேப்டன். 1961 பருவத்தில் ரன்னாகக் குவித்துக்கொண்டிருந்தார். தந்தை 1931இல் ஆக்ஸ்ஃபோர்டுக்காக வைத்த சாதனையை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தார்.

1961 ஜூலை 1. ஹோவ் என்ற கடலோர ஊரில் சசெக்ஸுடன் ஆட்டம். அன்றைய ஆட்டம் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அவர் இருந்த கார் இன்னொரு காரோடு மோதியது. முன் கண்ணாடி உடைந்து ஒரு சில்லு வலது கண்ணுக்குள் போய்விட்டது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கண் இருந்தது, ஆனால் அதில் உருப்படியான பார்வை இல்லை. அப்போது அவருக்கு வயது இருபது.

இந்த இடத்தில் வாத்தியார் புத்தி கொஞ்சம் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண் போனால் பாதிப் பார்வை போச்சு என்று நாம் நினைக்கிறோம். கணக்கு அப்படி இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். கையை நீட்டிப் பேனாவுக்கு மூடி போட்டுப் பாருங்கள். எல்லாம் தெளிவாகத் தெரியும், ஆனால் நூல் ஊசிக் காதுக்கு முன்னாலோ பின்னாலோ போகும். இரண்டு கண்ணும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த இரண்டையும் மூளை சேர்த்துத்தான் 'இது இவ்வளவு தூரத்தில் இருக்கிறது' என்று சொல்கிறது. ஒரு கண் போனால் முதலில் போவது இந்தத் தூரக் கணக்குத்தான்.

பட்டோடிக்கும் அதுதான் நடந்தது. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளரில் விழாமல் மேசையில் விழும். சிகரெட்டைப் பற்றவைக்கப் போனால் தீக்குச்சி நுனியில் படாமல் தள்ளிப்போகும். இதையெல்லாம் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். டம்ளர் நகராது, மேசையில் அசையாமல் இருக்கும். கிரிக்கெட் பந்து அப்படியா? மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து, வீசுகிறவன் கையை விட்டு ஆடுகிறவன் மட்டைக்கு வர ஏறக்குறைய அரை நொடிதான் ஆகும். அந்த அரை நொடிக்குள் அது எங்கே குத்தும், எவ்வளவு எழும்பும் என்று பார்த்து, காலை நகர்த்தி, மட்டையைக் கொண்டுபோக வேண்டும். தலைக்கவசமும் அந்தக் காலத்தில் கிடையாது.

அவர் விடவில்லை. விபத்து நடந்த சில வாரங்களிலேயே வலைப்பயிற்சிக்குத் திரும்பினார். ஆடினார், தப்பினார், மறுபடி ஆடினார். அந்த ஆண்டு நவம்பரில் ஹைதராபாத்தில், வந்திருந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக ஒரு பயிற்சி ஆட்டம். வலது கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். லென்ஸ் போட்டதால் அந்தக் கண்ணிலும் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் இரண்டு கண்ணின் காட்சியும் ஒன்றோடொன்று சேரவில்லை. பந்து ஒன்று வந்தால் அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஆறேழு அங்குலம் இடைவெளி.

இரண்டு பந்தில் எதை அடிப்பது? உள்பக்கமாகத் தெரிந்த பந்தை அடிப்பது என்று முடிவு செய்து ஆடினார். தேநீர் இடைவேளைக்குள் 35 ரன் எடுத்தார். இடைவேளையில் லென்ஸைக் கழற்றிவிட்டார். திரும்ப வந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கண்ணிலேயே ஆடி 70 ரன் வரை போனார்.

பிள்ளைகளே, இந்தச் சம்பவத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாம் 'மன உறுதி, மன உறுதி' என்று மேடையில் பேசுகிறோம். மன உறுதி இருந்தால் மட்டும் இரண்டு பந்து ஒன்றாகிவிடுமா? அவர் செய்தது வேறு. தன் கண் என்ன காட்டுகிறது என்பதைத் தனக்குத்தானே பொய் சொல்லாமல் பார்த்தார். ஒரு வழியைச் சோதித்தார். அதைவிட நல்ல வழி தெரிந்ததும் பழையதை விட்டார். அரைகுறையாகத் தெரிகிற கண் உதவியாக இல்லாமல் இடைஞ்சலாக இருக்கிறது என்று தெரிந்ததும், அதைத் தொப்பியால் மறைத்துவிட்டார். பெரியப்பா பார்த்த தொப்பியின் கதை இதுதான். இரண்டு கண்ணோடு ஆடிய பழைய ஆட்டம் திரும்பி வரும் என்று காத்திருக்காமல், இருக்கிற கண்ணுக்கு ஏற்ற புது ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

1961 டிசம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட். விபத்து நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடுத்து கல்கத்தாவில் 64. அதற்கடுத்து நம் சென்னையில், 1962 ஜனவரியில், 103. அந்த ஆட்டத்தில் இந்தியா 128 ரன்னில் வென்றது. இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா முதன்முதலாக ஒரு தொடரை வென்றது அன்றுதான். டெஸ்ட் ஆட முடியும் என்ற நம்பிக்கை எப்போது வந்தது என்று யாரோ கேட்டதற்கு, "இங்கிலாந்துக்காரர்களின் பந்துவீச்சைப் பார்த்தபோது" என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. குறும்புக்கார மனிதர்.

அடுத்த இரண்டு மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு, கிரிஃபித் வீசிய பந்து தலையில் பட்டு உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. துணைக் கேப்டனாக இருந்த பட்டோடி தலைமை ஏற்றார். வயது 21 வருடம் 77 நாள். அதுவரை அவ்வளவு இளம் வயதில் டெஸ்ட் கேப்டன் ஆனவர் உலகில் யாரும் இல்லை. அந்தச் சாதனை 2004 வரை நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964இல் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203. 1967இல் லீட்ஸில், 386 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன் வாங்கிய அணிக்கு 148 அடித்து, மொத்தத்தை 510 வரை கொண்டுபோனார். 1968இல் நியூசிலாந்தில் 3-1. வெளிநாட்டு மண்ணில் இந்தியா வென்ற முதல் தொடர் அது. மொத்தம் 46 டெஸ்ட், 2793 ரன், ஆறு சதம், சராசரி 34.91. நாற்பது டெஸ்டில் கேப்டன், ஒன்பதில் வெற்றி. இந்த 46 டெஸ்டும் விபத்துக்குப் பிறகு ஆடியவை. கவர் திசையில் நின்று பந்தைப் பாய்ந்து தடுப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு இணை சொல்ல ஆள் குறைவு. ஒற்றைக் கண்ணால் தரையில் சீறி வருகிற பந்தைப் பிடிப்பது மட்டையடிப்பதைவிடச் சுலபம் இல்லை.

இதைக் கேட்டதும், 'அப்போ யாரு வேணாலும் முடியும்' என்று யாரும் கைதட்ட வேண்டாம். வரலாறு என்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இதே சசெக்ஸ் அணிக்கு ஆடிய ரஞ்சித்சிங்ஜி 1915இல் வேட்டைக்குப் போன இடத்தில் வலது கண்ணை இழந்தார். 1920இல், ஏறக்குறைய 48 வயதில், மறுபடி சசெக்ஸுக்காக மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். நான்கு இன்னிங்ஸில் 39 ரன். அத்தோடு விட்டுவிட்டார். இங்கிலாந்தின் காலின் மில்பர்ன் 1969இல் கார் விபத்தில் இடது கண்ணை இழந்தார். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்துவீச்சாளர் பக்கம் முன்னால் இருப்பது இடது கண்தான். சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார், பழைய ஆட்டம் வரவில்லை. அவர் முயற்சி செய்யாமலா இருந்தார்? வயது, எந்தக் கண், எவ்வளவு காயம், எவ்வளவு சீக்கிரம் பயிற்சி, இதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. முன்கூட்டியே 'முடியும்' என்று சொல்லவும் ஆளில்லை, 'முடியாது' என்று சொல்லவும் ஆளில்லை. ஆடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பட்டோடி நவாப் வீட்டுப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டு கேப்டன். நல்ல மருத்துவர், நல்ல மைதானம், பந்து வீசிக்கொடுக்க ஆட்கள், எல்லாம் இருந்தது. 'நீ உட்காருப்பா' என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் சுலபமாக வந்திருக்காது. அந்த வாய்ப்பு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்குமா?

நவாப் வீட்டில் பிறக்காத ஒருவருக்கு வாய்ப்புக் கிடைத்ததற்கு ஓர் உதாரணம் உண்டு, அதுவும் பட்டோடியின் அணியிலேயே. பகவத் சந்திரசேகர். சிறு வயதில் போலியோ வந்து வலது கை சூம்பிப்போனவர். பந்தை எடுத்து எறிய இடது கையைத்தான் பயன்படுத்துவார். ஆனால் அந்தச் சூம்பிய வலது கையாலேயே சுழற்பந்து வீசினார். 1964 ஜனவரியில் பம்பாயில் முதல் டெஸ்ட். அன்று கேப்டன் பட்டோடி. பிரசன்னா, பேடி, நம் சென்னைக்காரர் வெங்கட்ராகவன் ஆகியோரோடு சேர்ந்து அந்த நால்வர் அணி இந்தியக் கிரிக்கெட்டையே மாற்றியது. சந்திரசேகர் எடுத்தது 242 டெஸ்ட் விக்கெட். கேப்டனுக்கு ஒரு கண், பந்துவீச்சாளருக்கு ஒரு கை. உடலில் என்ன குறை என்று கேட்காமல் பந்து என்ன செய்கிறது என்று பார்த்ததால் கிடைத்த விக்கெட்டுகள் அவை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1993 என்று நினைவு. நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. கபடியில் அவன் பாடிப் போனால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்ப மாட்டான். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு போவான். தெரியாத கண் பக்கம் கோட்டோரம் இருக்கும்படி ஓடுவான். அந்தப் பக்கம் ஆள் வர முடியாது அல்லவா? இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனே கண்டுபிடித்தது.

வட்டார விளையாட்டுப் போட்டிக்கு அணிப் பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அவன் பெயரை எழுதினேன், பிறகு அடித்தேன். இருக்கிற ஒரு கண்ணிலும் அடிபட்டுவிட்டால் அவன் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். 'அவன் நல்லதுக்குத்தானே' என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சார், இந்த வருஷம் நான் எத்தனை தடவை அவுட் ஆனேன்?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, "நீதான் பாயிண்ட் எழுதணும், பொறுப்பான வேலை" என்றேன். போட்டி நடந்த நாள் முழுக்க அவன் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பாயிண்ட் எழுதினான். நம் பள்ளி முதல் சுற்றிலேயே தோற்றது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. அதன்பிறகு அவன் கபடி ஆடி நான் பார்க்கவில்லை.

எனக்குப் பட்டோடியின் கதை பதினான்கு வயதிலேயே தெரியும். பெரியப்பா சொல்லிக் கேட்டு, பிறகு புத்தகத்திலும் படித்து, வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பையனும் என் வகுப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். சொன்ன வாத்தியாருக்குத்தான் அந்தப் பாடம் ஏறவில்லை.

இன்று அவன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் கடைந்து கொடுத்தால் ஒரு நூல் பிசகாது என்று ஊரில் சொல்கிறார்கள். நான் பணி ஓய்வு பெற்ற விழாவுக்கு வந்து சால்வை போர்த்திவிட்டுப் போனான். பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்தப் பதிவை நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும் தம்பி. அன்று நீ கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். நான் பார்த்த வரையில் நீ அந்த வருஷம் மூன்று தடவைதான் அவுட் ஆனாய். பட்டியலில் உன் பெயர் முதலில் இருந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துக்கொள்.

உறவுகளுக்கு ஒன்று சொல்கிறேன். பயம் நியாயமானது. இருக்கிற ஒரு கண்ணைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி, முகக்கம்பி வைத்த ஹெல்மெட் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கண் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை வாங்கிக் கொடுங்கள். எந்த விளையாட்டு, எப்போது தொடங்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். குழந்தை வயதில் மூளை புதுத் தூரக் கணக்கைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். தலையை அசைத்துப் பார்த்து, நிழலைப் பார்த்து, பந்து பெரிதாகிற வேகத்தைப் பார்த்து அது பழகிவிடும். அதற்குப் பயிற்சி வேண்டும். மட்டை பரணில் கிடந்தால் அந்தப் பயிற்சி எப்படிக் கிடைக்கும்? அவன் நாளைக்கு இந்திய அணிக்கு ஆடுவானா, தெருவில் மட்டும் ஆடுவானா, பிடிக்காமல் விட்டுவிடுவானா, எனக்குத் தெரியாது. அது அவன் ஆடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அந்த முடிவை அவனுக்கு முன்னால் நாம் எடுத்துவிடக் கூடாது. அதுவும் அவன் காது கேட்க.

பட்டோடி 2011 செப்டம்பர் 22 அன்று டெல்லியில் காலமானார். வயது எழுபது. அவர் விருப்பப்படி கண்ணைத் தானம் செய்துவிட்டார்கள். பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போகிறேன். மஞ்சள் நிற ரப்பர் பந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அவன் அம்மாவிடம் போனில் பேசிவிட்டேன், மருத்துவரும் மெத்தென்ற பந்தில் பழகலாம் என்று சொல்லியிருக்கிறாராம். முதலில் உருட்டிவிடுவேன், பிறகு ஒரு குத்து குத்திப் போடுவேன். முழங்கால் வலி இருப்பதால் ஓடிப் பொறுக்க என்னால் முடியாது. பக்கத்தில் இருக்கிற பேரப்பிள்ளைகள் யாராவது நாலரை மணிக்கு வந்து சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்